பார்க்காத பால்காட்டை எழுதிய பிள்ளை: தோட்டக் கதைகள் நம் ஊரைக் காட்டுகின்றனவா, மறைக்கின்றனவா?

செம்பனைநிழல்:

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தாய். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள். பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. போன மாதம் ஒரு கட்டுரைப் போட்டி. தலைப்பு 'எங்கள் ஊர்'. பிள்ளை முதல் பரிசு வாங்கி வந்தாள். வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டப் போகும் பெண்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியின் அதட்டல். கள்ளைக் குடித்துவிட்டு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் விழுந்து கிடக்கும் அப்பா. மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) பால் சொட்டுகிறது, கண்ணில் நீர் சொட்டுகிறது.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. இந்தப் பிள்ளை ஒரு ரப்பர் மரத்தில் உளி படுவதைக்கூடப் பார்த்ததில்லை. பிறந்தது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில். அவள் அப்பா கள்ளைத் தொட்டவர் இல்லை. காலை ஐந்து மணிக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை ஏற்றும் லோரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். அம்மா ரப்பர் கையுறை ஆலையில் ஷிப்டு வேலை. இரண்டு பேருமே கட்டுரையில் இல்லை. படித்து முடித்ததும் முதலில் கைதட்டியவர் அந்த அப்பாதான்.

அறுபது எழுபது வருடமாக எழுதி வந்த தோட்டக் கதைகள், அந்தப் பிள்ளைக்கும் அவள் ஊருக்கும் நடுவில் வந்து நிற்கின்றன. சொந்த ஊரைப் பார்க்க அவளுக்குக் கண் போதவில்லை, கதை தேவைப்படுகிறது. இதை நான் கவலையோடு சொல்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

காண்டாவாளி:

மறுக்கத்தான் வந்தேன் தம்பி. பிள்ளை பொய் எழுதல. பாட்டியை எழுதியிருக்கு. அதுல உங்களுக்கு என்ன உறுத்தல்?

எங்க தாத்தாவோட அண்ணன், ஜப்பான்காரன் ஆட்சியில சயாமுக்கு (இப்ப தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர். ஜப்பான்காரன் லோரியில ஏத்திக்கிட்டுப் போனதோட சரி. 415 கிலோமீட்டர் பாதை. அதுல எந்தக் கட்டைக்குப் பக்கத்துல கெடக்காரோ, யாருக்கும் தெரியாது. வீட்டுல படம் இல்ல, கடுதாசி இல்ல. தோட்டத்து செக்ரோல்ல (ஆள் பேர்ப் பதிவேட்டுல) பேரை அடிச்சாச்சு. நான் பள்ளிக்கூடத்துல படிச்ச சரித்திரப் புத்தகத்துல, ரப்பர் வெட்ட இந்தியர்கள் வந்தாங்கன்னு ஒரு வரி. அடுத்த பக்கம் வேற பாடம். அவர் போன இடம் எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரிஞ்சது, ஆர். சண்முகம் எழுதின 'சயாம் மரண ரயில்' நாவலைப் படிச்சப்பதான். எங்கப்பாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், அதனால ராத்திரியில நான் படிச்சுக் காட்டினேன். பெரியப்பாவைப் பத்தி வாயே திறக்காத மனுஷன், நாலாவது நாள் ராத்திரி அவர் பேரைச் சொன்னார். எனக்கு அப்ப இருபத்தி நாலு வயசு. அந்தப் பேரை அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன்.

பெராங் பெசார் தோட்டம்னு ஒண்ணு இருந்துச்சு. இன்னிக்குப் போய் எது லயம், எது பால் கொண்டு சேர்க்குற ஸ்டோருன்னு காட்டுங்க பார்ப்போம். அது மேலதான் புத்ராஜெயா நிக்குது. நிலத்துல நம்ம தடம் இல்ல. கதையிலதான் இருக்கு. அதையும் கண்ணை மறைக்குதுன்னு தள்ளிட்டா அப்புறம் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?

செம்பனைநிழல்:

அண்ணே, அந்தப் பெயரை உங்கள் அப்பா சொன்ன இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன்.

ஆனால் நீங்கள் காட்டியது ஒரு காலத்தை, ஒரு பாதையை, அதில் போனவர்கள் பட்ட பாட்டைத் தேடி எழுதிய நாவல். பிள்ளையின் கட்டுரையில் இருக்கும் தோட்டம் எந்த ஊரில் இருக்கிறது? எந்த வருடத்தில்? கேட்டுப் பார்த்தேன், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பல கதைகளில் வந்து வந்து தேய்ந்துபோன ஒரு தோட்டம் அது. அதில் இருப்பவர்கள் அடிவாங்குவார்கள், அழுவார்கள், குடிப்பார்கள். வேறொன்றும் செய்ய மாட்டார்கள்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துரையையோ கிராணியையோ (தோட்டத்து எழுத்தரையோ) கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்பது கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. கேட்டவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள்! பட்டாளம் வந்தது, சுட்டது, ஆட்கள் செத்தார்கள். நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லாத இடத்தில் நடந்தது. பிள்ளைக்குக் கள் குடிக்கும் அப்பாவைத் தெரிந்திருக்கிறது, கள்ளுக்கடையை மூடச் சொல்லி நின்ற கொள்ளுத்தாத்தாவைத் தெரியவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பத்து பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்களே, அவர்களையும் தெரியவில்லை. இது பிள்ளையின் குற்றமா?

ஞாயிறுமலர்:

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பிம்பம் எப்படி வந்தது என்பதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் உதவும்.

போருக்கு முன் நம் பத்திரிகைகளில் வந்த கதைகளில் பல, தமிழ்நாட்டையே களமாகக் கொண்டவை. எழுதியவர் இங்கே இருப்பார், கதாநாயகன் காவிரிக்கரையில் இருப்பான். 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகை வழியாகவே பாடம். எழுதும் ஆசை உள்ள எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். 1952-இல் கு. அழகிரிசாமி நேசனுக்கு ஆசிரியராக வந்தார், இலக்கிய வட்டம் கூட்டினார். இந்த மண்ணை எழுது என்ற குரல் வலுத்த காலம் அது. இந்த மண் என்றால் அன்றைக்கு வேறென்ன? ரப்பர்தான். ஆகவே தோட்டத்தை எழுதியது பழக்கதோஷம் இல்லை. நாங்கள் இங்கே வாழ்கிறோம் என்று அறிவித்த செயல் அது.

பிறகு நடந்தது வேறு. ஞாயிறு பதிப்பில் கதைக்கு இடம் கொஞ்சம். விளக்கு, மங்கு, கள்ளுப்போத்தல் என்று மூன்று சொன்னால் வாசகர் தோட்டத்துக்குள் வந்துவிடுவார். எழுதுகிறவருக்கு அது சுலபமாயிற்று. போட்டிகள் அதையே வளர்த்தன. நானும் பல போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தவன். கண்ணீரோடு முடிந்த கதைகளுக்கு மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் அக்கா மகளின் கட்டுரையில் என் கையெழுத்தும் இருக்கிறது தம்பி.

இன்னொன்று. பத்தாங் பெர்ஜுந்தாய்க்காரர் நீங்கள், இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கம் தென்னமரம் தோட்டம் இருக்கிறதல்லவா? மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917-இல். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905-இல் இங்கே வந்து கோலசிலாங்கூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டம் போட்டவர். அதே மனிதர் பின்னால் மலாயாவை விட்டுப் போய், 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதினார். 1930-இல் அதற்குக் கோன்கூர் பரிசு. பிரான்சில் அதைவிடப் பேர்பெற்ற இலக்கியப் பரிசு இல்லை. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. ஐரோப்பாவில் எத்தனையோ பேர் மலாயாவைக் கண்ணை மூடி நினைத்துக்கொண்டது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான். கதையின் நடுவில் இருப்பவர்கள் இரண்டு பிரெஞ்சுத் துரைகளும் இரண்டு மலாய்ப் பணியாளர்களும். காட்டை வெட்டி மரம் நட்ட தமிழன் அதில் கூட்டமாகத்தான் வருகிறான்.

உங்கள் ஊரின் நிலத்தையும், அந்நிலத்தைப் பற்றி வெளியூரான் மனத்தில் இருந்த படத்தையும் ஒரே ஆள் நட்டுவிட்டுப் போயிருக்கிறார். நம் ஞாயிற்றுக்கிழமைக் கதைகள் அந்தப் படத்துக்கு எதிரில் நின்றவை. அவற்றைக் குறை சொல்லுங்கள், அவை யாருக்கு எதிரில் நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:

கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். வாத்தியார் ஐயா சொன்ன அழகிரிசாமி எங்கள் இடைசெவல்காரர். எழுத்தாளர் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) அதே ஊர்தான்.

எனக்கு மலேசியத் தோட்டம் என்றால் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. கல்லூரியில் படித்தேன். மூன்று வருடத்துக்கு முன் உறவுக்காரர் கல்யாணத்துக்குத் தெலுக் இந்தான் பக்கம் வந்தபோது, வழியெல்லாம் ரப்பர் மரத்தையே தேடினேன். வண்டி ஓட்டிய தம்பி சிரித்துவிட்டார். கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊர் எனக்காக மாறாமல் காத்திருக்க வேண்டும் என்று நான் யார் எதிர்பார்ப்பதற்கு?

எங்களுக்கும் இது உண்டு. கரிசல் என்றால் கி.ரா. எழுதிய சம்சாரிகள் (விவசாயிகள்), கம்மங்கஞ்சி, வேலிக்கருவை. வெளியூர் நண்பர்கள் வந்தால் அதைத்தான் கேட்பார்கள். தீப்பெட்டி ஆலையையும் கடலைமிட்டாய்க் கடையையும் காட்டினால் முகம் சுருங்கும். ஆனாலும் செம்பனைநிழல், உங்களோடு ஓர் இடத்தில் முரண்படுகிறேன். கி.ரா. எழுதியிருக்காவிட்டால் கோவில்பட்டியைத் தேடி அந்த நண்பர்கள் வந்திருக்கவே மாட்டார்கள். பழைய படத்தோடு வருகிறவனிடம்தான் புதிய படத்தைக் காட்ட முடியும். படமே இல்லாதவன் பேருந்தில் தூங்கிக்கொண்டு கடந்துபோவான்.

ஆயாக்கொட்டகை:

ஆம்பளைங்களாப் பேசிக்கிட்டு இருக்கீங்க, நானும் ஒண்ணு சொல்லிடுறேன். எங்கம்மா முப்பத்தோரு வருஷம் பால் வெட்டினவங்க. என்னைக் கைப்புள்ளையில விடியறதுக்கு முன்னால ஆயாக்கொட்டகையில விட்டுட்டுப் போவாங்க. அந்தத் தூளியோட ஆட்டம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அம்மாவுக்கு இப்ப எழுபத்தெட்டு. நான் கதை படிச்சுக் காட்டுவேன். தோட்டத்துப் பொம்பளை கதைன்னா ஆசையாக் கேப்பாங்க. பாதியில நிறுத்தச் சொல்லிடுவாங்க. "யாருடி இவ, எப்பப் பாரு அழுதுகிட்டே மரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறா? அறுநூறு மரத்தை யாரு வெட்டுறது?"

வெயில் ஏறுறதுக்குள்ள நெறையை (நமக்குன்னு ஒதுக்கின மர வரிசையை) முடிக்கணும். பட்டையில உளியை எந்த ஆழத்துக்கு விடணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாக்கப் போனா பால் இல்ல. அம்மா வெட்டின பட்டையைத் தடவிப் பார்த்துட்டு, வேலையை மேற்பார்க்கிற தண்டல் ஒண்ணும் சொல்லாமப் போயிடுவாராம். அதுதான் பாராட்டு. அந்தக் கைத்திறனை ஒரு பக்கம் எழுதின கதையை நான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன். மங்கு துடைச்சுக்கிட்டே பக்கத்து நெறைக்காரியோட பேசுற கிண்டல், கூட்டு (சீட்டு) கட்டிச் சேர்த்த காசுல வாங்கின தோடு, தீமிதிக்கு யாரு கரகம் எடுக்கிறதுங்கிற சண்டை, இதெல்லாம் எங்க போச்சு? மரத்துல ஒட்டிக் காய்ஞ்ச ஒட்டுப்பால் நாத்தத்தைக் கதையில எல்லாரும் நாத்தம்னே எழுதுறாங்க. அந்த வாடை வந்தா எனக்கு அம்மா வீட்டுக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். ஓடிப்போய் சட்டையைக் கட்டிக்குவேன்.

காண்டாவாளி அண்ணே, பிள்ளை பாட்டியை எழுதியிருக்குன்னு சொன்னீங்க. அந்தப் பாட்டி இதைப் படிச்சா ஒத்துக்குவாங்களா?

காண்டாவாளி:

தங்கச்சி, உங்கம்மா பேச்சை ரெண்டு தடவை படிச்சேன். அவங்க கையை நான் கும்பிட்டதாச் சொல்லுங்க.

எங்கம்மா கையைப் பத்தியும் சொல்றேன். அவங்க வெளிக்காட்டுல மருந்தடிச்சவங்க. புல்லு சாகுற மருந்து, முதுகுல மருந்துத் தோம்பு, கையில உறை கிடையாது. பல வருஷம். நகமெல்லாம் கருத்து ஒவ்வொண்ணா விழுந்துச்சு. சோறு பிசைய முடியாம கரண்டியில சாப்பிட்டாங்க. ஆபீசுல கேட்டதுக்கு, வேணும்னா வேற வேலை பாத்துக்கன்னாங்க. அந்த அம்மா சிரிச்சதும் உண்டு. ஆனா எனக்கு எழுத வந்தா அந்த விரலைத்தான் முதல்ல எழுதுவேன்.

எனக்கு என்ன பயம்னா, சிரிச்சதையும் எழுதுன்னு ஆரம்பிக்கிற பேச்சு, அழுததை எழுதாதேன்னு போய் முடியும். அசிங்கத்தை ஏன் காட்டுறே, மானம் போகுதுன்னு சொல்லுவாங்க. 2019-ல நவீன் எழுதி வந்த 'பேய்ச்சி' நாவலை 2020 டிசம்பர்ல உள்துறை அமைச்சு தடை பண்ணுச்சு. ஆபாசம்னு முதல்ல கொடி புடிச்சவங்கள்ல நம்ம ஆளுங்களும் இருந்தாங்க. புத்தகம் நல்லாருக்கா இல்லையாங்கிறது வேற பேச்சு. நம்ம பாட்டன் வாயில வந்த வார்த்தையைத் தாளுல பார்க்க நமக்கே பொறுக்கல. அழகான தோட்டம் வேணும்னு கேக்குறவங்க பெருத்துப் போனா எங்கம்மா விரல் காணாமப் போயிடும் தம்பி. அதுக்காகத்தான் சண்டை போடுறேன்.

செம்பனைநிழல்:

அண்ணே, அந்த விரலை மறைக்கச் சொல்லும் பேச்சு என்னிடமிருந்து ஒருநாளும் வராது. நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் மனத்தில் வந்தது என் அக்காவின் வேலைதான். உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காத கையுறையைத்தான் என் அக்கா இரவு ஷிப்டில் எண்ணி அடுக்குகிறாள். அம்மாச்சி வெட்டிய மரம் எங்கள் ஊரில் போய்விட்டது. அக்கா அடுக்கும் உறைக்கு வேண்டிய பாலில் பெரும்பங்கு தாய்லாந்திலிருந்து வருகிறதாம். எங்கள் வீட்டில் ரப்பர் முடிந்துபோகவே இல்லை, வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. இதை யார் எழுதினார்கள்?

செம்பனைக்காடு வேறு உலகம். ரப்பர்க்காட்டில் பிப்ரவரியில் இலை சிவந்து உதிரும், வெளிச்சம் தரைவரை வரும் என்று அம்மாச்சி சொல்வார். இங்கே வருடம் முழுக்க ஒரே இருட்டு. முள் குத்தாத விரல் கிடையாது. எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள், கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்து. என் அக்காள் கணவர் விடியற்காலையில் அந்த ஆந்தைகளை லோரி வெளிச்சத்தில் பார்ப்பார். வெட்டிய குலை நாள்பட்டால் எண்ணெயின் தரம் கெடும், அதனால் மழையோ வெள்ளமோ ஆலைக்குப் போயே ஆக வேண்டும். நாங்கள் விட்டுவந்த லயத்தில் இப்போது இந்தோனேசியக்காரரும் வங்காளதேசத்துக்காரரும் இருக்கிறார்கள். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிறார்கள். நம் தாத்தாக்கள் கடுதாசி எழுதச் சொல்லிக் கிராணி வீட்டு வாசலில் நின்றது போலத்தான்.

இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று பிள்ளையிடம் கேட்டேன். "மாமா, லோரியெல்லாம் கதையில வராதே" என்றாள்.

இந்த விவாதத்தைத் தொடங்க வைத்தது அந்த ஒரு வாக்கியம். அப்பாவின் வேலை எழுத்துக்குத் தகுதியில்லாதது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படித்த கதைகளிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறுமலர்:

அந்த வாக்கியம் என்னையும் குத்துகிறது. ஒரு சிறு உதாரணம் சொல்கிறேன், அவளிடம் சொல்லுங்கள். கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் 1981-இல் எழுதிய 'த ரிட்டர்ன்' நாவல். கெடா மாநிலத்துப் பீடோங் ஊர். சுற்றிலும் தோட்டங்கள்தாம். ஆனால் கதை சொல்லும் பையன் பால் வெட்டுகிறவர் மகன் இல்லை, ஆஸ்பத்திரித் துணியை வெளுப்பவரின் மகன். அந்தத் துணிமூட்டைக்குள்ளிருந்தே ஓர் ஊரை எழுப்பினார் அவர். துணிமூட்டை கதையில் வரலாம் என்றால் லோரியும் வரலாம்.

ஆனாலும் காண்டாவாளியின் பக்கம்தான் எனக்கு இன்னும் சாய்வு அதிகம். லோரியை எழுதுகிறவளுக்கு மங்கும் தெரிந்திருக்க வேண்டும். அக்கா அடுக்கும் கையுறையில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரியும்.

ஆயாக்கொட்டகை:

மங்கு தெரியணும்னா மங்கைத் தொட்டுப் பார்க்கட்டும் சார். படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுனாலதான் இவ்வளவு பேச்சும்.

காண்டாவாளி:

தங்கச்சி சொல்றது சரி. தம்பி, உங்க ஊர்லேர்ந்து இருபது நிமிஷத்துல எங்க பழைய தோட்டத்து முனீஸ்வரர் கோயில். கோயிலுக்குப் பின்னால பதினோரு பால்மரம் இன்னும் நிக்குது. சாமி மரம்னு யாரும் கை வைக்கல. எங்கிட்ட அப்பாவோட உளி இருக்கு, தீட்டி எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். மங்கும் ஏழெட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு மரம் நான் வெட்டிக் காட்டுறேன், ஒரு மரம் அது வெட்டட்டும். கோணலாப் போனாலும் பரவால்ல, முனியாண்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

செம்பனைநிழல்:

கட்டாயம் வருகிறோம் அண்ணே. ஒரே ஒரு வேண்டுகோள். அவளை அவள் அப்பாதான் கூட்டி வருவார், லோரியில். சனிக்கிழமை இரவு வண்டியைக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வழியில் ஆந்தைப் பெட்டிகளையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். நான் பின்னால் மோட்டாரில் வருகிறேன். எத்தனை மணிக்கு வரட்டும்?

காண்டாவாளி:

ஆறு மணிக்குள்ள வந்துடுங்க. வெயில் ஏறினா பால் சுருங்கிடும். மழை பேஞ்சா வராதீங்க, பட்டை நனைஞ்சிருக்கும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம். லோரியைக் கோயில் வாசல்ல விடவேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க, மண்ணு இளகிக் கிடக்கு. பழைய ஸ்டோர் இருந்த மேட்டுல விடட்டும். அங்க நிறுத்தினா அது எந்த இடம்னு நான் பிள்ளைக்கு அப்பவே சொல்லிடுவேன்.